கடல்நீர்த் தொட்டியில் சென்சார் எண்கள் தடுமாறும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. பெங்களூரில் கடல்நீர் என்பது ஆர்.ஓ. நீரில் உப்புக் கலவையைக் கரைத்து நாமே செய்துகொள்வது. அது கடல்நீராகவே நீடிக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது என்பதால், உப்புத்தன்மை, பி.எச்., வெப்பநிலை, நீர்மட்டம் ஆகியவற்றை ஒரு கண்ட்ரோலர் இரவும் பகலும் பதிவு செய்கிறது. இவற்றில் ஓர் எண் திடீரென்று விலகினால், மாறியது தண்ணீரா சென்சாரா என்று தெரியும்வரை தொட்டிக்குள் எதையும் ஊற்றக் கூடாது. கீழே வரும் எல்லா வழிமுறைகளும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கின்றன. அதை நான் கற்றுக்கொள்ள 800 கிராம் உப்பு செலவானது. அந்தக் கதை தன் இடத்தில் வரும்.

ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. பெங்களூரில் சம்ப் என்றால் வாசலில் காவிரி நீர் விழும் தரைக்கடித் தொட்டி என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கட்டுரையில் அந்தச் சொல், மீன் தொட்டியின் கீழே அலமாரிக்குள், நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் ஹீட்டரும் ரிட்டர்ன் மோட்டாரும் இருக்கும் இரண்டாவது தொட்டியைக் குறிக்கும்.

எந்த அறிகுறிக்கும் முதலில்: டம்ளர் சோதனை

தொட்டி நீரைக் கண்ணாடி டம்ளர் ஒன்றில் எடுத்து, சந்தேகத்துக்குரிய புரோப்பையும் (நீருக்குள் இடும் சென்சார் முனை) வெப்பநிலை புரோப்பையும் சேர்த்து அதில் இட்டு, ஐந்து நிமிடம் காத்திருங்கள். வெப்பநிலை புரோப்பைச் சேர்த்து இடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜனவரி மாதக் காலையில் இங்கே அறையின் வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுவதால் டம்ளர் நீர் விரைவில் ஆறும். கண்ட்ரோலரோ சம்பில் கிடக்கும் வெப்பநிலை புரோப்பின் 26 டிகிரியை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு இன்னொரு பிழையை உண்டாக்கும்.

தொட்டியில் ஆடிய எண் டம்ளரில் அசையாமல் நின்றால், புரோப் நலமாக இருக்கிறது. அது இருந்த இடத்தில்தான் குமிழியோ மின்கசிவோ தொல்லை செய்கிறது. டம்ளரிலும் ஆடினால் புரோப், கேபிள், கனெக்டர் ஆகிய மூன்றில் ஒன்று பழுது. இரண்டிலும் ஒரே எண் உறுதியாக வந்து, அந்த எண் மட்டும் நம்ப முடியாததாக இருந்தால், மதிப்பு தெரிந்த கரைசலில் புரோப்பை இட்டுப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: உப்புத்தன்மை ஒரே இரவில் குறைந்துவிட்டது

இயற்கையான கடல்நீரில் உப்பு ஆயிரத்தில் 35 பங்கு. 25 டிகிரியில் அதன் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமென்ஸ்; கண்ட்ரோலரின் புரோப் அளப்பது இதைத்தான். தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே தானாக நிரப்பும் கருவி அளவுக்கு மீறி நன்னீரைக் கொட்டாமலும், கசிவு இல்லாமலும் உப்புத்தன்மை தானே இறங்க வழியில்லை. இறங்கியதாகக் கருவி சொன்னால் முதல் சந்தேகம் கருவியின் மேல்தான் விழ வேண்டும்.

இதை அறியாத காலத்தில், ஒரு சனிக்கிழமை காலையில் கண்ட்ரோலர் 47 மில்லிசீமென்ஸ் காட்டியது. அதாவது ஆயிரத்தில் முப்பதரைப் பங்கு. நான் பதறிப்போய் இரண்டு நாட்களில் ஏறக்குறைய 800 கிராம் உப்புக் கலவையைக் கரைத்துச் சேர்த்தேன். மீட்டரும் படிப்படியாக ஏறி ஆயிரத்தில் 34-ஐத் தாண்டியதால் செய்தது சரிதான் என்று நம்பினேன். திங்கட்கிழமை பவளங்கள் எல்லாம் சுருங்கி மூடிக்கிடந்தன. ஒளி வளையும் அளவைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைத் தேடி எடுத்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தபோது ஆயிரத்தில் 39 என்று இருந்தது. புரோப்பை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் முனையில் பக்கவாட்டில் இருக்கும் துளைக்குள், கடுகளவில் ஒரு காற்றுக் குமிழி, உள்சுவரை ஒட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது. சம்பில் ஸ்கிம்மரிலிருந்து நீர் வெளியேறும் வாய்க்கு நேர் எதிரில் நான் புரோப்பை மாட்டியிருந்தேன். நீருக்குள் சாய்த்துப் பிடித்து மூன்று முறை சுண்டியதும் குமிழி வெளியேறியது. எண் கண்முன்னே 58 மில்லிசீமென்ஸைத் தாண்டி ஏறியது.

குமிழி, மின்சாரம் பாயும் பாதையை அடைத்துக்கொள்வதால் மின்கடத்துதிறன் புரோப் குறைவாகக் காட்டும். பிளாஸ்டிக் கை ஆடும் வகை ஹைட்ரோமீட்டரில் இது தலைகீழ்: கையில் ஒட்டிய குமிழி அதை மேலே தூக்குவதால் எண் கூடுதலாக வரும். ஆகவே இரண்டு கருவிகளும் எதிரெதிர்த் திசையில் முரண்பட்டால், உப்பை மறந்துவிட்டுக் குமிழியைத் தேடுங்கள். புரோப்பை நீரோட்டம் இருக்கும், ஆனால் நுரை இல்லாத அறையில், சற்றே சாய்வாக மாட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

குமிழி இல்லை, ஆனாலும் எண் ஒன்றோ ஒன்றரையோ விலகுகிறது என்றால் வெப்பநிலையைப் பாருங்கள். மின்கடத்துதிறன் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு மாறுவதால், கண்ட்ரோலர் அதை 25 டிகிரிக்கு ஈடுகட்டிக் காட்டுகிறது. வெப்பநிலை புரோப் 2 டிகிரி தவறாகச் சொன்னால் உப்புத்தன்மை ஆயிரத்தில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு தவறும். இங்கே குற்றவாளி ஒருவர், அகப்பட்டுக்கொள்பவர் வேறொருவர்.

ஒப்பிடுவதற்கான கரைசலை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் எல்லாக் கருவிக்கும் ஒரே கரைசல் பொருந்தாது என்பது பலர் தவறவிடும் இடம். கடல்நீரில் சாதாரண உப்போடு மக்னீசியம், சல்ஃபேட் முதலியவையும் இருப்பதால், அது ஒளியை வளைக்கும் அளவும் மின்சாரத்தைக் கடத்தும் அளவும் வெறும் சோடியம் குளோரைடு கரைசலின் அளவுகளோடு ஒரே விகிதத்தில் ஒத்துப்போவதில்லை. ரிஃப்ராக்டோமீட்டரைச் சோதிக்க 36.5 கிராம் உப்பை 963.5 கிராம் ஆர்.ஓ. நீரில் கரைத்தால், அது கடல்நீருக்கான கருவியில் 35 என்று காட்ட வேண்டும். மின்கடத்துதிறன் புரோப்புக்கோ 32.9 கிராம் உப்பும் 967.1 கிராம் நீரும் கலந்த கரைசல்தான் 53 மில்லிசீமென்ஸ் தரும். தராசு நகைக்கடைத் துல்லியத்தில் இருக்க வேண்டியதில்லை. அரை கிராம் பிழை, எண்ணில் அரையைத்தான் அசைக்கும். சமையலறை உப்பை ஈரம் போகக் காயவைத்துப் பயன்படுத்தலாம்.

ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்.ஓ. நீரில் பூஜ்யத்துக்குத் திருகி வைத்துவிட்டு, 35-லும் அது சரியாகத்தான் காட்டும் என்று எண்ணுவது அடுத்த பிழை. நாம் படிக்கும் இடத்துக்கு அருகிலேயே திருத்த வேண்டும். உப்பளத்துக்கும் உணவுத் தொழிலுக்குமான கருவியே மீன் தொட்டிக்கு என்றும் விற்கப்படுவதுண்டு. அது சோடியம் குளோரைடுக்கான அளவுகோலைக் கொண்டிருப்பதால் உண்மையான 35-ஐ 36.5 என்று காட்டும். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியோடு வரும் டி.டி.எஸ். பேனாவைக் கடல்நீரில் நனைத்துப் பயனில்லை. அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது கடல்நீர்.

அறிகுறி: பி.எச். ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குகிறது

இது பெரும்பாலும் பழுதே அல்ல. விளக்கு எரியும்போது பாசியும் பவளங்களுக்குள் வாழும் நுண்பாசியும் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பி.எச். ஏறி, மாலையில் உச்சத்தைத் தொடும். இரவில் எல்லா உயிர்களும் அதை வெளியிடுவதால் இறங்கி, விடியலுக்கு முன் மிகக் குறைவாக இருக்கும். காலையில் 7.9, மாலையில் 8.3 என்பது ஆரோக்கியமான தொட்டியின் மூச்சு. விடியற்காலை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மருந்து தேடுகிறவர்கள், ஒரு வாரத்து வரைபடத்தைப் பார்த்த பிறகு தேடட்டும்.

வரைபடத்தின் வடிவம் அப்படியே இருந்து, மொத்தமாக 0.2 அல்லது 0.3 கீழே இறங்கிவிட்டால் இரண்டு வாய்ப்புகள் உண்டு: புரோப் நகர்ந்திருக்கலாம், அல்லது அறையின் காற்று மாறியிருக்கலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் குளிருக்காகவும் கொசுவுக்காகவும் மாலை ஆறு மணிக்கே சன்னல்களைச் சாத்திவிடுகிறோம். ஊரிலிருந்து உறவினர் நால்வர் வந்து கூடத்தில் படுத்தால் மீதியும் நிறைவேறிவிடும். அறைக் காற்றில் கரியமில வாயு இருமடங்கானால் தொட்டியின் பி.எச். ஏறத்தாழ 0.3 குறையும். பிரித்தறிவது எளிது. ஒரு டம்ளர் தொட்டி நீரை மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ எடுத்துச் சென்று, சிறிய காற்று மோட்டாரால் ஒரு மணி நேரம் குமிழிவிட்டு, அதே புரோப்பால் அளந்து பாருங்கள். எண் ஏறினால் காரணம் வீட்டுக் காற்று. சன்னலைத் திறப்பதோ, ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டுவதோ போதும். எண் ஏறவே இல்லை என்றால் அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். கூடவே காரத்தன்மையையும் டெஸ்ட் கிட்டால் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: பி.எச். மெல்ல ஒரே பக்கமாக நகர்கிறது, அல்லது ஒரே எண்ணில் உறைந்துவிட்டது

சரியாக 7.00-ல் உறைந்து, எந்தக் கரைசலில் இட்டாலும் அசையாவிட்டால், சிக்னல் எங்கோ குறுக்குச் சுற்றாகிவிட்டது என்று பொருள். பி.எச். புரோப் 7-ல் பூஜ்ய மில்லிவோல்ட் தரும் என்பதால், சிக்னல் செத்தால் கருவி 7 என்றே படிக்கும். கண்ணாடிக் குமிழில் விரிசல் விழுந்திருக்கலாம், பி.என்.சி. கனெக்டருக்குள் ஈரம் புகுந்து உப்புப் பூத்திருக்கலாம். இரண்டாவதுதான் அதிகம். அந்தக் கண்ணாடிச் சவ்வின் மின்தடை நூறு மெகாஓம் அளவில் இருப்பதால், கனெக்டரில் கைவியர்வை பட்ட ஈரம்கூட அதற்கு ஒரு திறந்த மதகு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுவதும் உலர்த்தி மாட்டுங்கள். கேபிள் தொங்கும் இடத்தில் ஒரு வளையம் தாழவிட்டால், வழியும் நீர் கனெக்டரை எட்டாமல் அங்கேயே சொட்டிவிடும்.

மெல்ல நகரும் புரோப்பை மில்லிவோல்ட் கணக்கில் பார்ப்பதே சிறந்தது. 25 டிகிரியில் ஒரு பி.எச். அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்பது கோட்பாடு. ஆகவே 7 பஃபருக்கும் 10 பஃபருக்கும் (பி.எச். மதிப்பு தெரிந்த கரைசல்கள்) இடையே ஏறத்தாழ 177 மில்லிவோல்ட் வேறுபாடு வர வேண்டும். அது 160-க்குக் கீழே போனாலோ, 7 பஃபரில் பூஜ்யத்திலிருந்து 30 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகினாலோ, முதலில் சுத்தம் செய்து பாருங்கள். பிறகும் தேறாவிட்டால் புரோப்பின் ஆயுள் முடிந்தது. ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் அதன் காலம். வாங்கிய தேதியைக் கேபிளில் எழுதி ஒட்டுவது என் வழக்கம்.

சுத்தம் செய்யும் முறை, மேலே படிந்திருப்பதைப் பொறுத்தது. வெண்மையான சுண்ணாம்புப் படிவுக்கு வினிகரில் பத்து நிமிடம். வழுவழுப்பான பாசிப்படலத்துக்குப் பத்தில் ஒரு பங்கு பிளீச் கலந்த நீரில் சில நிமிடம். இவை இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். ஒன்றுக்குப் பின் மற்றொன்று செய்வதானால் இடையில் நன்றாக அலசுங்கள். கண்ணாடிக் குமிழைத் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். அதன் பின் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் சில மணி நேரம் ஊறவிட்டு அளவுத்திருத்தம் செய்யுங்கள். சும்மா இருக்கும் புரோப்பை ஆர்.ஓ. நீரில் போட்டு வைப்பது பரவலான பழக்கம். அந்த நீர் புரோப்புக்குள் இருக்கும் உப்பை இழுத்துக்கொண்டு அதைக் கொன்றுவிடும்.

புரோப் நன்றாக இருந்தும் திருத்தம் பிழையாகலாம். 10 பஃபர் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் காலப்போக்கில் இறங்கும். திறந்து பல மாதமான புட்டியில் உண்மையில் 9.8 இருக்க, நாம் அதை 10 என்று சொல்லிக்கொடுத்தால், தொட்டியின் 8.2-ஐக் கருவி 8.29 என்று காட்டும். அதே பஃபர் 25 டிகிரியில் 10.01 ஆகவும், 20 டிகிரியில் 10.06 ஆகவும் இருப்பதால், புட்டியின் மேல் அச்சிட்ட அட்டவணையைப் பார்த்துத் திருத்துங்கள். பயன்படுத்திய பஃபரைப் புட்டிக்குள் திரும்ப ஊற்றும் சிக்கனம் வேண்டாம்.

அவசரத்துக்கு வெங்காரம் உதவும். நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதன் தூய்மை நிச்சயமில்லை என்பதால் தூய வெங்காரமாகப் பார்த்து வாங்கி, ஒரு கோப்பை ஆர்.ஓ. நீரில் அரைத் தேக்கரண்டி கரைத்தால், அந்தக் கரைசலின் பி.எச். 25 டிகிரியில் 9.18-ஐ ஒட்டி இருக்கும். இதை வைத்து அளவுத்திருத்தம் செய்யாதீர்கள், புரோப் 9.2-க்கு அருகில் சொல்கிறதா, 8.7 என்று உளறுகிறதா என்று அறிய மட்டும் இது போதும்.

அறிகுறி: மோட்டார் ஓடும்போது எண் குதிக்கிறது

டம்ளரில் அமைதியாகவும் தொட்டியில் ஆட்டமாகவும் இருக்கும் பி.எச்., மின்சாரத்தின் தொல்லை. ஹீட்டர் இயங்கும்போது 8.1, நிற்கும்போது 8.4 என்று படிபோல் வெட்டிய வரைபடம் இதன் முத்திரை. ஒவ்வொரு கருவியாக, ஸ்விட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்கி, எதன் போது எண் அடங்குகிறது என்று பாருங்கள். இந்தச் சோதனை முடியும்வரை நீருக்குள் கை விடாதீர்கள். ஹீட்டரைப் பிடுங்கியதும் அடங்கினால் அதன் கண்ணாடியில் விரிசல் இருக்கலாம். அதைத் திரும்ப மாட்டாமல் தூக்கிப் போடுங்கள்.

எந்தக் கருவியும் தனியாகக் குற்றவாளியாகத் தெரியாவிட்டால், சுவரைப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான் இரண்டு மோட்டார்களை மாற்றிப் பார்த்த பிறகுதான் எலக்ட்ரீஷியனை அழைத்தேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரரான அவர் சாக்கெட்டைக் கழற்றி, டெஸ்ட் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, “சார், இதுல எர்த் ஒயரே இழுக்கல. மூணாவது ஓட்டை சும்மா அழகுக்குத்தான் இருக்கு” என்றார். எர்த் இழுத்து, மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் அந்த வரிசைக்குப் போட்ட பிறகு வரைபடம் நேர்க்கோடானது. ஆர்.சி.சி.பி. சென்சாருக்காக அல்ல, உங்கள் உயிருக்காக. கடல்நீரும் 230 வோல்ட்டும் ஒரே அலமாரியில் இருக்கும் வீட்டில் அது இல்லாமல் இருக்கக் கூடாது.

கண்ட்ரோலரைத் தாமே செய்துகொள்பவர்கள் இந்த ஊரில் நிறைய. பி.எச். சுற்றும் மின்கடத்துதிறன் சுற்றும் ஒரே போர்டில், தனிமைப்படுத்தும் சுற்று இல்லாமல் இருந்தால், பின்னது தண்ணீருக்குள் செலுத்தும் மின்சாரம் முன்னதைக் குழப்பும். இ.எஸ்.பி. 32 என்னும் சிறு கணினிச் சில்லைப் பயன்படுத்துகிறவர்கள், வைஃபை ஓடும்போது சிக்னலை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. 2 பின்களைப் படிக்க முடியாது என்பதை நினைவில் கொள்ளட்டும். சிக்னலை 32 முதல் 39 வரையிலான ஏ.டி.சி. 1 பின்களுக்கு மாற்றினால் பல மர்மங்கள் விலகும்.

அறிகுறி: வெப்பநிலை 85, அல்லது மைனஸ் 127

டி.எஸ். 18 பி 20 சென்சாரில் இவை வெப்பநிலைகளே அல்ல. 85 என்பது மின்சாரம் வந்தவுடன், முதல் அளவீடு முடிவதற்கு முன் சென்சார் வைத்திருக்கும் இயல்பு மதிப்பு; இடையிடையே அது தலைகாட்டினால் மின்வழங்கல் அறுந்து அறுந்து வருகிறது. மைனஸ் 127 என்பது சென்சார் கிடைக்கவில்லை என்று நிரல் சொல்லும் முறை, கம்பியையும் 4.7 கிலோஓம் மின்தடையையும் சரிபாருங்கள். இந்த எண்களை ஹீட்டர் நம்பிவிடாதபடி, 15-க்குக் கீழும் 40-க்கு மேலும் வரும் எதையும் புறக்கணிக்குமாறு நிரலில் எழுதிவிடுவது கட்டாயம்.

மெல்ல விலகும் வெப்பநிலைக்குப் பொடித்த ஐஸும் சிறிது நீரும் கலந்த டம்ளரே போதும். கலக்கிக்கொண்டே இருந்தால் அது பூஜ்யம். கொதிநீரை வைத்துச் சோதிப்பவர்கள், 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதிக்கும் என்பதை மறந்து சென்சாரைப் பழிக்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகு உறை என்று விற்பது கடல்நீரில் துருப்பிடிக்கும். முனையில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அந்தச் சென்சாரை மாற்றிவிடுங்கள். இதே உயரம் கரைந்த ஆக்சிஜன் மீட்டரையும் பாதிக்கும்: கடல்மட்டத்தில் 25 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவில் ஏற்கும் ஆக்சிஜனில் பத்து விழுக்காடு இங்கே குறையும். மீட்டரில் உயரத்தை உள்ளிடாவிட்டால் எண் தவறும்.

அறிகுறி: ஓ.ஆர்.பி. (நீரின் ஆக்சிஜனேற்றத் திறனைக் காட்டும் எண்) சரிந்துவிட்டது

கையை விட்டுப் பாறையை நகர்த்தினீர்களா, உணவைச் சற்று அதிகமாகப் போட்டீர்களா என்று யோசித்துவிட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். புதிய புரோப் நிலைப்படவே நாட்கள் ஆகும். இந்த எண்ணை அதன் போக்குக்காக மட்டும் பார்க்கிறேன். அதன் மதிப்பை வைத்து எந்த முடிவும் எடுத்ததில்லை.

அறிகுறி: நீர்மட்டச் சென்சார் நிரப்பிக்கொண்டே இருக்கிறது

ஒளியால் இயங்கும் சென்சாரின் முனையில் பாசி படிந்தாலோ, நுரை ஒட்டினாலோ, அலமாரிக் கதவு திறந்து நேர் வெளிச்சம் விழுந்தாலோ அது தவறாகப் படிக்கும். வாரம் ஒருமுறை விரலால் துடைத்தால் தீரும். மிதவை ஸ்விட்சுக்கு எதிரிகள் இருவர். முதலாவது, மிதவை ஏறி இறங்கும் தண்டின் மேல் பூக்கும் உப்பு; வெந்நீரில் அமிழ்த்தினால் கரைந்துவிடும். இரண்டாவது நத்தை. மிதவையின் மேல் ஏறி உட்கார்ந்து, தன் எடையால் அதை அழுத்திக்கொண்டே இருக்கும்; ஸ்விட்சோ நீர் குறைந்துவிட்டதென்று மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

இதற்காகவே நிரப்பும் நீரை 10 லிட்டர் கேனில் மட்டும் வைக்கிறேன். அது முழுவதும் கொட்டினாலும் 200 லிட்டர் தொட்டியில் உப்புத்தன்மை 35-லிருந்து 33.3-க்குத்தான் இறங்கும், மீன்கள் பொறுத்துக்கொள்ளும். நத்தையை எடுத்துப் பாறைமேல் விட்டுவிடலாம். அது அடுத்த வாரமே சம்புக்குத் திரும்பி வருவதால், மிதவையைச் சுற்றிப் பிளாஸ்டிக் வலையால் ஒரு கூண்டு கட்டி, இரண்டு கேபிள் டைகளால் இறுக்கிவிடுங்கள். கூண்டுக்குள் மிதவை தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று விரலால் ஒருமுறை தூக்கிப் பார்த்த பிறகு கதவைச் சாத்துங்கள்.